அறுக்காமல் கட்டுவது

என் அத்தைக்கு 57 வயதில் இரண்டாவது கல்யாணம் நடந்தது. மாமா இறந்து அப்போது பதினொரு வருடம் ஆகியிருந்தது. அத்தை அந்தச் செய்தியைச் சொன்ன சாயங்காலம் நானும் அந்த வீட்டில் இருந்தேன். கூடத்துச் சுவரில் மாமாவின் படம், படத்துக்குக் கீழே சீரோ வாட் சிவப்பு பல்பு, அதற்கும் கீழே பாயில் நாங்கள் ஆறு பேர். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை மகன்தான் முதலில் வாயைத் திறந்தான். "உனக்கு நாங்க என்னம்மா குறை வச்சோம்?"

அவன் கெட்டவன் இல்லை. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு லீவு போட்டு வந்து பத்து நாள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவன். தீபாவளிக்கு அவளுக்குப் புடவை எடுத்த பிறகுதான் மனைவிக்கு எடுப்பான். அவன் கேட்டதில் கோபத்தைவிட வலிதான் அதிகம். ஆனால் அந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்கவில்லை. சோறு, துணி, மருந்து, மரியாதை ஆகியவை கிடைத்துவிட்டால் கணவனை இழந்தவளுக்கு வேறு தேவை இல்லை என்ற கணக்கு நம்மிடம் மிகப் பழையது. அன்று அது அவன் வாய்வழியாக வந்தது. அந்தக் கணக்கு எங்கே தொடங்கியது, யார் யார் கைபட்டு இந்தக் கூடம் வரை வந்தது என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

தொல்காப்பியம் காஞ்சித் திணையின் துறைகளைச் சொல்லும் இடத்தில் இரண்டு நிலைகளை அருகருகே வைக்கிறது. மனைவியை இழந்த ஆணின் நிலை தபுதார நிலை. கணவனை இழந்த பெண்ணின் நிலை தாபத நிலை. தபுதல் என்றால் சாதல். தாரம் செத்துப்போன நிலை என்று அந்தச் சொல் ஆணுக்கு நேர்ந்ததைச் சொல்லி நிற்கிறது. தாபதம் தவத்தைச் சேர்ந்த சொல். பெண்ணுக்கு நேர்ந்ததை அது சொல்லவே இல்லை, இனிமேல் அவள் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. ஒரே இழப்புக்கு ஆணிடம் துக்கப் பெயரும் பெண்ணிடம் கடமைப் பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டுவிட்டன.

புறநானூற்றிலும் இந்த இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. 245-ஆம் பாட்டைப் பாடியவன் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. கள்ளி முளைத்த காட்டில் மனைவியைச் சிதையேற்றிவிட்டு வந்து, இவ்வளவு துக்கத்திலும் உயிர் போகவில்லையே, இன்னும் இருக்கிறேனே என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். மனைவிக்காக ஓர் அரசன் இப்படி வாய்விட்டுக் கலங்குவதை நம் இலக்கியத்தில் அதிகம் பார்க்க முடியாது. அவன் பிறகு என்ன ஆனான், வேறொருத்தியை மணந்தானா என்று எந்த உரைகாரரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. அடுத்த பாட்டு 246, பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவனின் சிதையில் இறங்கப் போகிறவளைச் சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவள் அவர்களுக்குச் சொல்லும் பதிலில் ஒரு கைம்பெண்ணின் உணவும் படுக்கையும் ஒன்றுவிடாமல் வருகின்றன: நெய் படாத சாப்பாடு, பிழிந்தெடுத்த பழஞ்சோறு, எள்ளுத் துவையல், வேளைக்கீரை, பாய் இல்லாத பருக்கைக்கல் படுக்கை. கற்பின் பெருமையைச் சொல்லும் பாட்டு என்று பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படிக்கும்போது ஒரு சாட்சியின் வாக்குமூலமாகத்தான் கேட்கிறது. தட்டில் என்ன இருக்கும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்பவள், அதே அரண்மனையில் யாரோ ஒருத்தி அதைச் சாப்பிட்டதைத் தினமும் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தட்டுக்குப் பயந்துதான் அவளுக்கு நெருப்பு குளிர்ந்த குளமாகத் தெரிந்தது.

இது அரண்மனைக் கதை. வயலிலும் கடலிலும் வேலை செய்தவர்களின் கதை வேறு. தமிழ்நாட்டில் உழைத்துச் சாப்பிட்ட பல சமூகங்களில் கணவன் செத்தால் பெண் இன்னொருவனைக் கட்டிக்கொள்வது நேற்றுவரை சாதாரண வழக்கம். அதற்குப் பெயர் அறுத்துக் கட்டுதல். பழைய தாலியை அறுத்துவிட்டுப் புதுத் தாலியைக் கட்டிக்கொள்வது. நம் ஊர்களில் அந்தப் பெயரையே ஒரு வசையாக்கினார்கள். 'அறுத்துக்கட்டுற சாதி' என்று ஏளனமாகச் சொன்னவர்கள் மேலே இருந்தார்கள். நாமும் மேலே போக வேண்டும் என்று நினைத்த சமூகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழக்கத்தைக் கைவிட்டன. சாதிக்கு மதிப்பு ஏற ஏற அந்தந்தச் சாதியின் பெண்களுக்கு வாழ்க்கை குறுகியது. மறுமணத்தைப் படித்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள் என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லும்போது, ஏற்கனவே அது கையில் இருந்து பறிபோன பெண்களைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் வழக்கங்களை டச்சு ஆட்சி 1707-இல் தொகுத்தது. நெடுங்காலம் அங்கே அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுதி, பன்னிரண்டு முதலிமார் சரிபார்த்துக் கொடுத்த அந்தத் தொகுப்புதான் தேசவழமை. 1806-இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதில் மறுமணம் பற்றிய பகுதியைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அது யாரையும் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. தகப்பன் இரண்டாம் தாரம் கட்ட விரும்பினால், பிள்ளைகளை வழக்கமாக இறந்த தாயைப் பெற்றவர்கள் எடுத்து வளர்ப்பார்கள். அப்போது அவன், செத்துப்போன மனைவி கொண்டுவந்த சீதனம் முழுவதையும், இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு கொடுத்துவிட வேண்டும். தாய் மறுமணம் செய்தால், முதல் கணவனின் பிள்ளைகளுக்கு எது, இரண்டாம் கணவனின் பிள்ளைகளுக்கு எது என்றும் அதே நிதானத்தில் எழுதியிருக்கிறது.

இதில் காதலைப் பற்றிப் பேச்சில்லை. காணியைப் பற்றியும் நகையைப் பற்றியும்தான் பேச்சு. ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. செத்துப்போனவளின் பங்கு செத்துப்போகவில்லை. முதல் வாழ்க்கை இரண்டாம் வாழ்க்கையில் கரைந்துவிடாமல் தனியாக நிற்கிறது. தகப்பனோ தாயோ இன்னொரு துணையைத் தேடுவது மனிதர்கள் செய்கிற காரியம், அதற்கு முன்னால் பழைய கணக்கை நேர்மையாக முடித்துவிடு என்றுதான் அது சொல்கிறது.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1856-இல், இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகர் கையெழுத்து வேட்டை நடத்தி, சாத்திரங்களில் ஆதாரம் காட்டி, ஊர்ப்பகையைச் சம்பாதித்துக்கொண்டு வாங்கிய சட்டம். அவர் உழைப்புக்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை நம் மேடைகளில் யாரும் வாசிப்பதில்லை. மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு இறந்த கணவனின் சொத்தில் இருந்த உரிமை அந்தக் கணமே முடிந்துவிடும் என்கிறது அது. எப்படி முடியும் என்றால், அவள் அப்போது செத்துப்போய்விட்டால் எப்படியோ அப்படி. புது வாழ்க்கைக்குக் கதவு திறக்க வந்த சட்டம் பழைய வீட்டில் அவளைப் பிணமாகப் பதிவு செய்தது.

அது தென்னாட்டில் இன்னொரு கொடுமையாகவும் வந்து விடிந்தது. அறுத்துக் கட்டும் வழக்கம் உள்ள சமூகங்களுக்கு இந்தச் சட்டம் தேவையே இல்லை. ஆனாலும் 1877-இல் சென்னை உயர் நீதிமன்றம், அப்படிப்பட்ட வழக்கம் இருந்த மறவர் சமூகத்துப் பெண் ஒருத்தியின் வழக்கில், மறுமணம் செய்ததால் முதல் கணவனின் சொத்தில் அவளுக்கு உரிமை போனது என்று தீர்ப்புச் சொன்னது. அலகாபாத்தில் நீதிபதிகள் வேறு மாதிரி பார்த்தார்கள், வழக்கத்தால் மறுமணம் செய்கிறவளிடம் சொத்தைப் பறிக்க முடியாது என்றார்கள். நம் பக்கத்துப் பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1856 சட்டம் 1983-இல்தான் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், முன்னரே இறந்த மகனின் மனைவி போன்றோர் மறுமணம் செய்திருந்தால் பங்கு கிடையாது என்று சொன்ன 24-ஆம் பிரிவு 2005 வரை இருந்தது.

சட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு முதல் விதவை மறுமணத்தை 1881 டிசம்பர் 11-ஆம் தேதி நடத்திவைத்தார். அவருடைய மாணவர்கள் காவல் நின்றார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களைச் சாதியைவிட்டுத் தள்ளிவைத்தார்கள். சென்னையில் 'சுதேசமித்திரன்' நடத்திய ஜி. சுப்பிரமணிய ஐயர், சின்ன வயதில் தாலி இழந்த தன் மகளுக்கு 1889-இல் பம்பாயில், காங்கிரஸ் மாநாடு நடந்த நேரத்தில், மறுமணம் செய்துவைத்தார். சொந்த மண்ணில் அதைச் செய்ய வழி இருந்திருந்தால் பம்பாய் வரை போயிருப்பாரா? திரும்பி வந்தவரை உறவும் நட்பும் விலக்கிவைத்தன. பாரதி தன் முடிவு பெறாத நாவலான 'சந்திரிகையின் கதை'யில் மறுமணம் தேடும் இளம்பெண் விசாலாட்சியை இந்த இருவர் வீட்டுக்கும் அனுப்புகிறார். ஊரும் பேரும் மாற்றாமல் அவர்களையே பாத்திரங்களாக்கினார். அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி'யும் அதே காலத்தின் குரல். இராமசாமி நாயக்கராக ஈரோட்டில் வியாபாரம் செய்துகொண்டிருந்த பெரியார் 1909-இல், சிறுவயதில் கணவனை இழந்த தன் தங்கை மகளுக்குக் குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மறுமணம் நடத்தினார். 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு மறுமண உரிமையையும் பெண்ணின் சொத்துரிமையையும் சேர்த்தே தீர்மானமாக்கியது. அந்த இரண்டையும் சேர்த்து வைத்ததுதான் அந்த மாநாட்டின் தெளிவு.

இவர்கள் எல்லாருக்கும் என் தலைமுறை கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனோடுதான் இதையும் சொல்கிறேன். இவர்கள் மீட்டெடுத்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். கணவனின் முகம்கூடச் சரியாக நினைவில் இல்லாத பெண்கள். அந்தக் கொடுமையின் முன்னால் வேறு எதையும் பேச முடியாது, நியாயம்தான். ஆனால் மறுமணத்தைப் பற்றி நாம் பேசும் பாஷை முழுவதும் அந்தக் குழந்தைகளைச் சுற்றியே உருவாகிவிட்டது. 'வாழ்வு கொடுத்தார்' என்கிறோம். 'பெரிய மனசு' என்கிறோம். கொடுப்பவர் ஒருவர், வாங்கிக்கொள்பவள் ஒருத்தி. முப்பது வருடம் ஒருவரோடு சண்டை போட்டு, சமாதானமாகி, பிள்ளை பெற்று, வீடு கட்டி, அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த பெண்ணுக்கு யார் எந்த வாழ்வைக் கொடுப்பது? வாழ்வு அவளிடம் நிறைய இருக்கிறது. அந்த வாழ்வைப் பகிர்ந்துகொள்ள ஆள்தான் இல்லை.

மறுமணம் ஒன்றுதான் வழி என்றும் நான் சொல்ல வரவில்லை. சிறுமியாக இருக்கும்போதே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி 1911-இல் பி.ஏ. தேறினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கி அனுப்பினார். அவர் தந்த விடுதலை புத்தகமும் சம்பளமும். அதில் நிறைவு கண்டவர்கள் எத்தனையோ பேர். தனியே இருக்க விரும்பியவர்களுக்குத் தனியே இருக்கும் மரியாதையை அவர் வாங்கிக் கொடுத்தார். துணை வேண்டும் என்று ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தி வாய்விட்டுச் சொல்வதற்கான மரியாதையை இன்றுவரை யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆண்களின் கதைக்கு வருவோம். மனைவி இறந்த ஆணுக்கு, வருஷம் திரும்புவதற்குள் பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். 'குழந்தைகளைப் பார்த்துக்க ஆள் வேணுமே' என்பது காரணம். அவன் மனசு கேட்கிறதா என்று அங்கேயும் யாரும் விசாரிப்பதில்லை. அடுப்பு அணைந்துவிட்டது, ஏற்ற ஆள் வேண்டும். 1963-இல் வந்த 'கற்பகம்' படத்தில் மகள் கே.ஆர். விஜயா இறந்ததும் மாமனார் ரங்காராவ் தானே முன்னின்று மருமகனுக்குச் சாவித்திரியைக் கட்டிவைக்கிறார். ஊரே கண்கலங்கிப் பார்த்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1962-இல், ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. புற்றுநோயோடு கிடக்கும் கணவன், தான் போய்விட்டால் நீ அந்த டாக்டரை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். டாக்டர் அவள் முன்பு காதலித்தவர். அந்தச் சொல்லையே தாங்க முடியாமல் அவள் துடித்துப்போகிறாள். கடைசியில் கணவன் பிழைத்துக்கொள்கிறான், டாக்டர் செத்துப்போகிறார். இரண்டும் நல்ல படங்கள், எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ஆணின் மறுமணத்துக்கு மாமனாரையே துணைக்கு அனுப்பிய தமிழ்த் திரை, பெண்ணின் மறுமணம் என்ற பேச்சு எழுந்ததும் அவசரமாக ஒருவரைச் சாகடித்து அதைத் தீர்க்க வேண்டியிருந்தது.

பொதுவாழ்வில் தமிழர்கள் மிக அதிகம் விவாதித்த ஒரு மறுமணமும் ஆணுடையதுதான். பெரியாரின் மனைவி நாகம்மையார் 1933-இல் மறைந்தார். பதினாறு வருடம் கழித்து, 1949-இல், எழுபதை நெருங்கிய வயதில் பெரியார் மணியம்மையாரை மணந்தார். கட்சி பிளந்தது. அவர் சொன்ன விளக்கம், இயக்கத்தையும் அதன் சொத்தையும் நம்பி ஒப்படைக்க ஒரு வாரிசு வேண்டும் என்பது. எதிர்த்தவர்கள் வயதைப் பேசினார்கள், கொள்கையைப் பேசினார்கள். ஒரு முதியவருக்கு நோயிலும் பயணத்திலும் கூட இருக்கும் மனிதர் வேண்டும் என்பதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடவுளையே மறுத்துப் பேச முடிந்த மேடையில் துணை என்ற சொல்லுக்கு இடம் இல்லாமல் போனது.

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஆறுதல் தருவது ஜெயகாந்தனின் 'யுகசந்தி'. விதவையான பேத்தி கீதா நெய்வேலியில் ஆசிரியை. மறுமணம் செய்துகொள்ளப் போவதாக எழுதிவிடுகிறாள். அப்பா அவளைத் தலைமுழுகுகிறார். மொட்டைத் தலையும் வெள்ளைப் புடவையுமாக ஒரு ஆயுளைக் கழித்த கௌரிப் பாட்டிதான் எழுந்து பேத்தியோடு இருக்கக் கிளம்புகிறாள். அந்தத் தட்டில் சாப்பிட்டவளுக்குத்தான் தெரியும் இன்னொருத்திக்கு அது வேண்டாம் என்று. பெருங்கோப்பெண்டுக்குக் கிடைக்காத ஒரு சான்றோர் அவள்.

அரசும் தன் பங்கைச் செய்திருக்கிறது. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண நிதியுதவித் திட்டத்தைத் தமிழ்நாட்டில் 1975 முதல் நடத்துகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் மணமகன் 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. அரசின் கற்பனையிலும் மறுமணம் இளமையோடு முடிந்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் துணையை இழந்து வாழும் பெண்கள் 4 கோடிக்கு மேல். ஆண்கள் சுமார் ஒன்றேகால் கோடி. பெண்கள் தம்மைவிட மூத்தவர்களைக் கட்டிக்கொள்கிறார்கள், அதிக நாள் உயிர்வாழ்கிறார்கள், இந்த இரண்டும் காரணம். மனைவியை இழந்த ஆண்கள் மறுபடி கட்டிக்கொண்டு அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள், பெண்கள் அதிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பது மூன்றாவது காரணம்.

தங்கிவிடுவதற்குக் காசும் ஒரு காரணம். அத்தை விஷயத்தில்தான் இதை நான் கண்ணால் பார்த்தேன். மாமா அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் போனபின் அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. அது மனைவியின் ஆயுள்வரை அல்லது மறுமணம்வரை, எது முந்துகிறதோ அதுவரை. தொழிலாளர் வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்திலும் இதே விதிதான். மத்திய அரசு 2006 முதல், பிள்ளை இல்லாத விதவை மறுமணம் செய்தாலும் அவள் வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் தொடர்ந்து தரலாம் என்று தளர்த்தியிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு அந்தத் தளர்வு இல்லை. 1856-இன் இரண்டாம் பிரிவு செத்துப்போனது என்று யாராவது சொன்னால் நான் ஓய்வூதிய விதியைக் காட்டுவேன். இந்த ஒரு விதிக்குப் பயந்து, பதிவு செய்யாமல், உறவினர்களிடம் 'ஒத்தாசைக்கு இருக்கார்' என்று சொல்லிக்கொண்டு சேர்ந்து வாழும் முதியவர்களை நான் அறிவேன். கணவன் முப்பது வருடம் உழைத்த உழைப்பில் மனைவியின் பங்கு அவள் வேறொருவர் கையைப் பிடித்தால் ஏன் அழிய வேண்டும்? அவள் அந்த முப்பது வருடமும் காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அத்தை அன்று மகனுக்குச் சொன்ன பதில் எனக்கு மறக்காது. "நீங்க ஒரு குறையும் வைக்கலடா. சாயங்காலம் விளக்கு வச்சதுக்கு அப்புறம் பேச ஆள் இல்ல. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" அத்தை கட்டிக்கொள்ள நினைத்தவரின் மனைவி கொரோனா இரண்டாம் அலையில் போனவர். அவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசு மருத்துவமனையில் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில்தான் இருவருக்கும் பழக்கம். அவர் ஏழு மணிக்கே போய்விடுவார். அத்தைக்கு பஸ் எட்டரைக்குத்தான் வரும். அவள் வரும்வரை தன் முன்னால் ஒரு மஞ்சப்பையைத் தரையில் வைத்து இடம் பிடித்து வைத்திருப்பார். ஒரு மாதம் அவர் வரவில்லை. வரிசையில் மஞ்சப்பை இல்லாததைப் பார்த்ததும் கால் உதறியது என்று பிறகு எனக்கு மட்டும் சொன்னாள். அவருக்குக் காய்ச்சல்தான், வேறொன்றும் இல்லை.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். ஓய்வூதியம் போனால் மாதம் எவ்வளவு குறையும், அவருடைய பணம் எது வரைக்கும் இழுக்கும், வீட்டு வாடகை, மாத்திரை, அவள் மகள் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது. சேர்ந்து இருந்துவிட்டுப் போங்களேன், பதிவு எதுக்கு என்று நானே யோசனை சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அத்தை முகம் சுருங்கிப்போனது. "ஒளிஞ்சு வாழ எனக்கு என்ன வந்துச்சு?" என்றாள். பதிவு அலுவலகத்துக்கு நான்தான் கூடப் போனேன். படிவத்தில் 'நிலை' என்று ஒரு கட்டம். அதில் விதவை என்று எழுதச் சொன்னார்கள், எழுதினாள். அறிவிப்பை முப்பது நாள் பலகையில் ஒட்டிவைத்தார்கள். வில்லங்கச் சான்று வாங்க வந்தவர்கள் நின்று வயதைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை மகன் கல்யாணத்துக்கு வரவில்லை. மகள் வந்தாள், அழுதாள், சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மகன் வர எட்டு மாதம் ஆயிற்று. வந்தவன் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தவன் போலக் கையில் ஆப்பிள் பையோடு வாசலிலேயே நின்றான்.

அவர்கள் வீட்டுக்கு நான் அடிக்கடி போவதுண்டு. அவர் முதல் மனைவியைப் பற்றிப் பேசும்போது, "அவ திட்டுவா, நான் போடின்னுடுவேன்" என்பார். அத்தையிடம் 'நீங்க'தான். "காபி குடிச்சீங்களா?" "மாத்திரை போட்டீங்களா?" இருபது வயதில் கட்டிக்கொண்டவளிடம் ஒருமையில் பேசிய மனிதர் அறுபதைத் தாண்டிக் கட்டிக்கொண்டவளிடம் பன்மையில் பேசுகிறார். எந்த அன்பு பெரியது என்று அளக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் சத்தம் வேறு, அவ்வளவு தெரியும். அத்தை மாமாவை 'அவரு' என்றும் இவரை 'இவரு' என்றும்தான் சொல்கிறாள். அந்த ஒரு எழுத்தில் யாரும் யாரையும் இடித்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள்.

கூடத்தில் இப்போது இரண்டு படங்கள். மாமாவின் படத்தைக் கொண்டுவர அவள் தயங்கியபோது, ஆணி அடித்துக் காத்திருந்தவர் அவர்தான். அவர் மனைவியின் படத்தில் இருந்த பல்பு ஒருநாள் பீஸ் போனது. கடைக்குப் போய் இரண்டாக வாங்கி வந்து மாட்டியவள் அத்தை.

போன ஆடி அமாவாசைக்கு அங்கே இருந்தேன். காலையிலிருந்து சமையல். வாழைக்காய், பூசணி, அவரை, பாசிப்பருப்புப் பாயசம். மாமாவுக்குப் பிடித்த உளுந்து வடை. படங்களுக்கு முன்னால் இரண்டு தலைவாழை இலை போட்டு அத்தை ஒவ்வொன்றாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். இரண்டாவது இலையில் வாழைக்காய்ப் பொரியலை வைக்கப் போனபோது, திண்ணையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வந்த அவர் வாசற்படியிலேயே நின்று சொன்னார்: "அவளுக்கு வாழைக்காய் வேணாங்க. வாயு." அத்தை கரண்டியை மறுபடி சட்டியில் வைத்துவிட்டு, அந்த இலையில் அவரைக்காயை இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள்.